வாசகர் கேள்வி – பதில்: ஆக்கவுரிமை விண்ணப்பத்துக்கு முன் ஒரு தேடல்

கடந்த இதழில் ஆக்கவுரிமை (பேட்டன்ட்) விண்ணப்பப் படிவங்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதையடுத்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படிவத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தாம் செய்திருப்பது உண்மையிலேயே புதியதா, அதை எப்படி அறிந்துகொள்வது என்பதையே அவை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். சில வாசகர்கள் தமது ஆக்கத்தின் நுணுக்கங்களை வரைபடத்தோடு அனுப்பியிருந்தார்கள். அவற்றை அச்சிட்டால் அதுவே பகிரங்கப்படுத்தலாகிவிடும் என்பதால், அவசியமான அளவுக்கு மேற்பட்ட விபரங்களை நீக்கிவிட்டே கேள்விகளைப் பிரசுரிக்கிறோம்.

கேள்வி: நான் செய்திருக்கும் பொருளைப் புறக்கோட்டையில் கடை கடையாக ஏறித் தேடிவிட்டேன். இணையக் கடைகளிலும் பார்த்துவிட்டேன். இலங்கையில் இதை எவரும் செய்யவில்லை என்பது உறுதி. பேட்டன்ட் எடுப்பதற்கு இது போதாதா?
— வாசகர், மருதானை

போதாது. எமது நாட்டில் நடைமுறையிலுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், ஒரு புத்தாக்கம் புதியதா என்பதை இலங்கைச் சந்தையை வைத்து அளப்பதில்லை. விண்ணப்பத் திகதிக்கு முன்னர் உலகின் எந்த மூலையிலாவது, எழுத்து வடிவிலோ வாய்மொழியாகவோ பாவனையின் மூலமோ வேறு எந்த வகையிலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்டுவிட்ட எதுவும் உங்கள் ஆக்கத்துக்கு எதிராக நிற்கும் என்பதே அச்சட்டத்தின் 64ஆம் பிரிவு கூறுவது. நீங்கள் அதை அறிந்திருந்தீர்களா, அது இங்கே விற்பனைக்கு வந்ததா, அதைச் செய்தவர் பணம் சம்பாதித்தாரா என்பன அங்கே பொருட்படுத்தப்படுவதில்லை. ஆக்கவுரிமை பெற்ற பொருட்களில் பல ஒருபோதும் கடைத்தட்டுக்கு வந்ததேயில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இல்லாத ஒன்று, ஏதோவொரு நாட்டின் ஆவணத்தில் படத்தோடு விளக்கப்பட்டுப் பல தசாப்தங்களாகக் கிடக்கலாம்.

‘பாவனை’ என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குப் பிரித்தானியாவில் நடந்த ஒரு வழக்கு நல்ல உதாரணம். பாய்மரம் பொருத்திய அலைப்பலகைக்கு 1960களின் இறுதியில் விண்ணப்பித்து ஆக்கவுரிமை பெற்றிருந்த அமெரிக்க நிறுவனம், பிரித்தானியாவில் அதே வகைப் பலகைகளை விற்ற மற்றொரு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பு இரண்டு விடயங்களை முன்வைத்தது. பீட்டர் சில்வர்ஸ் என்பவர் 1958இல், தமது பன்னிரண்டாவது வயதில், தாமே செய்த அத்தகைய பலகையில் ஹேலிங் தீவின் கரையோரத்தில் எல்லோரும் பார்க்க விளையாடியிருந்தார் என்பது ஒன்று. 1965இல் ஓர் அமெரிக்க சஞ்சிகையில் நியூமன் டார்பி என்பவர் எழுதிய கட்டுரை மற்றொன்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆக்கவுரிமை செல்லாது எனத் தீர்த்தது. சிறுவன் அதை எழுதி வைக்கவுமில்லை, விற்கவுமில்லை. இத்தகைய பாவனைகளை எந்தத் தேடுபொறியும் காட்டாது. அதனாலேயே, எழுத்தில் கிடைப்பவற்றையாவது ஒழுங்காகத் தேடிவிட வேண்டும் என்கிறேன்.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தபடியே சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் கொடுத்து வருகிறேன். கை வலி தாங்காமல் என் மகன், காலால் மிதித்து இடியப்பம் பிழியும் ஒரு பொறியை வரைந்து, தெரிந்த வெல்டிங் பட்டறையில் செய்வித்துத் தந்தான். (பொறியின் முக்கிய அம்சம் ஒன்று இங்கே நீக்கப்பட்டுள்ளது.) ‘ஸ்ட்ரிங் ஹொப்பர் மெஷின்’ என்று இணையத்தில் தேடிப் பார்த்ததில் இதுபோல ஒன்றும் இல்லை என்று சொல்கிறான். சட்டத்தரணிக்குக் காசு கொடுப்பதற்கு முன் நாங்களே இதைச் சரியாகப் பார்க்க வழி உண்டா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

உண்டு, அம்மா, மகனுக்குப் பொறுமை இருந்தால் ஒரு வார இறுதியிலேயே பெரும்பகுதியை முடித்துவிடலாம். ஆனால் அவர் தேடிய விதம் தவறு. ‘ஸ்ட்ரிங் ஹொப்பர்’ என்பது இலங்கைக்கு வெளியே மிகச் சிலருக்கே தெரிந்த பெயர். ஆக்கவுரிமை ஆவணம் எழுதுபவர்கள், தமக்குக் கிடைக்கும் உரிமை ஒரு பண்டத்தோடு சுருங்கிவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே பொதுப்பெயர்களில் எழுதுவார்கள். ‘முறுக்கு உரல்’ என்று நாம் சொல்வது அவர்களுடைய எழுத்தில் ‘குழைந்த உணவுப் பொருளைத் துளைத்தட்டினூடாக வெளித்தள்ளும் சாதனம்’ என்று இருக்கும். ஆகவே முதலில் பொருளின் பெயரை மறந்துவிட்டு, பொறியின் ஒவ்வொரு பகுதியும் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தின்படி அது இப்படி அமையும்: மாவைக் கொள்ளும், அடியில் துளைத்தட்டுள்ள உருளை, மேலிருந்து இறங்கி மாவை அழுத்தும் தண்டு, கால்மிதியின் விசையை அத்தண்டுக்குக் கடத்தும் நெம்புகோல், காலை எடுத்ததும் தண்டைத் தானாக மேலே இழுக்கும் சுருள்வில். ஐந்தாவது அம்சத்தை நீங்கள் அறிவீர்கள். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்ததாக, ஒவ்வொரு பகுதிக்கும் ஆங்கிலத்தில் வழங்கக்கூடிய எல்லாப் பெயர்களையும் அதனதன் பக்கத்தில் எழுத வேண்டும். மாவுக்கும் பண்டத்துக்கும் நூடில், வெர்மிசெல்லி, பாஸ்டா, டோ. கருவிக்கு எக்ஸ்ட்ரூடர், பிரெஸ். துளைத்தட்டுக்கு டை, பெர்ஃபரேட்டட் பிளேட். தண்டுக்குப் பிஸ்டன், பிளஞ்சர், ராம். கால்மிதிக்குப் பெடல், ஃபுட் லீவர். நூறு வருடங்களுக்கு முந்தைய ஆவணங்களில் கால்மிதியைத் ‘ட்ரெடில்’ என்று எழுதுவது வழக்கம். அந்தச் சொல்லைப் போடாதவர் அக்காலத்துப் பொறிகளில் பெரும்பாலானவற்றைத் தவறவிடுவார். இடியப்பம், சேவை என்ற எமது சொற்களையும் ஆங்கில எழுத்துகளில் போட்டுப் பார்க்கலாம். இந்திய விண்ணப்பங்களில் அவை அப்படியே வருவதுண்டு.

சொற்களை மட்டும் நம்பினால் மொழி மாறும் இடத்தில் தேடல் நின்றுவிடும். அதற்காகவே வகைப்படுத்தற் குறியீடுகள் இருக்கின்றன. 1971ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கையின்கீழ் உருவான சர்வதேச ஆக்கவுரிமை வகைப்பாடு, எல்லாத் தொழில்நுட்பங்களையும் ‘ஏ’ முதல் ‘எச்’ வரையான எட்டுப் பிரிவுகளாக்கி, அவற்றைப் பல்லாயிரம் உட்பிரிவுகளாக மேலும் பிரிக்கிறது. ஓர் ஆவணம் சீன மொழியிலிருந்தாலும் போர்த்துக்கேய மொழியிலிருந்தாலும் அதன் குறியீடு ஒன்றுதான். மாவை வெளித்தள்ளும் பொறிகள் ‘ஏ21சி 11/16’ என்ற குறியீட்டின்கீழ் வருகின்றன. அழுத்திகள் பொதுவாக ‘பி30பி’ என்ற வகுப்பில் உள்ளன. இந்த இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். உங்கள் பொறியின் கால்மிதி அமைப்பைப் போன்றதொன்று உணவோடு எந்தத் தொடர்புமில்லாத ஓர் அழுத்தியில், செங்கல் வார்க்கும் பொறியிற்கூட, இருக்கலாம். சரியான குறியீட்டைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழியும் உண்டு: சொற்களால் தேடி, உங்களுடையதற்கு ஓரளவு நெருக்கமான இரண்டு மூன்று ஆவணங்களை எடுங்கள், அவற்றின் முதற்பக்கத்தில் என்ன குறியீடுகள் இடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள், பிறகு அக்குறியீடுகளையே தேடுங்கள்.

தேடும் இடங்களுக்குக் கட்டணம் எதுவுமில்லை. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் ‘எஸ்பேஸ்நெட்’, உலக புலமைச் சொத்து அமைப்பின் ‘பேட்டன்ட்ஸ்கோப்’, ‘கூகிள் பேட்டன்ட்ஸ்’ ஆகிய மூன்றும் யாருக்கும் திறந்திருக்கின்றன. எஸ்பேஸ்நெட்டில் மட்டும் 15 கோடிக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. தொடங்குவதற்குக் கூகிளும், குறியீட்டை வைத்து நிதானமாகத் துழாவுவதற்கு எஸ்பேஸ்நெட்டும் வசதி என்பது என் அனுபவம். சீன ஆவணங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இயந்திர மொழிபெயர்ப்பு அங்கேயே கிடைக்கும், அது கரடுமுரடாக இருந்தாலும் படங்களோடு சேர்த்துப் படித்தால் விளங்கும். உங்கள் விடயத்தில் சீனாவைத் தவிர்க்கவே முடியாது. வட சீனாவில் ‘ஹெலெ’ என்ற நூடில்ஸை, கொதிக்கும் பானைக்கு மேலே வைத்த துளையிட்ட உரலினூடாக நீண்ட நெம்புகோலால் அழுத்திப் பிழியும் வழக்கம் மிகப் பழையது. அதற்கு ஆக்கவுரிமை இருந்ததா இல்லையா என்பது முக்கியமல்ல. பகிரங்கமாகப் பாவிக்கப்பட்டு வந்தது என்பதே போதும், ‘நெம்புகோலால் நூல்போலப் பிழிதல்’ என்ற பொது எண்ணம் உங்களுடையது அல்ல என்று ஆகிவிடும்.

கிடைத்த ஆவணத்தை எவ்வாறு படிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் படங்களைப் பாருங்கள்; பொருத்தமில்லாதவற்றை அங்கேயே ஒதுக்கிவிடலாம். மிஞ்சியவற்றில் உரிமைக்கோரிக்கைகளை மட்டும் படித்துவிட்டு, ‘இதிலே எங்களுடையது இல்லை’ என்று மூடிவிடாதீர்கள். அந்த ஆவணத்தின் உரிமையாளர் எதைத் தமக்கென்று கோரினார் என்பதைத்தான் கோரிக்கைகள் சொல்கின்றன. உங்கள் ஆக்கம் புதியதா என்று பார்க்கும்போது ஆவணம் முழுவதும், விளக்கத்தின் நடுவே போகிறபோக்கில் சொல்லப்பட்ட ஒரு வசனமும், படத்தில் மட்டும் தெரியும் ஒரு சுருள்வில்லும் கூட, உங்களுக்கு எதிராகக் கணக்கில் வரும். நெருங்கிய ஆவணம் ஒன்று அகப்பட்டுவிட்டால், அது மேற்கோள் காட்டியிருக்கும் பழைய ஆவணங்களையும், பின்னர் வந்து அதை மேற்கோள் காட்டியவற்றையும் பின்தொடருங்கள். சொற்களும் குறியீடுகளும் தவறவிட்டவை பெரும்பாலும் இந்த வழியில் அகப்பட்டுவிடும்.

இவ்வளவும் செய்தபின், தாளில் எழுதிய ஐந்து அம்சங்களுக்கு நேரே ஒவ்வோர் ஆவணத்திலும் எவை இருக்கின்றன என்று குறியுங்கள். ஐந்தும் ஒரே ஆவணத்தில் இருந்தால் உங்கள் பொறி புதியதல்ல. முதல் நான்கு ஓர் ஆவணத்திலும் ஐந்தாவது மற்றோர் ஆவணத்திலும் இருந்தால், புதுமை என்ற படியைத் தாண்டிவிடுவீர்கள். ஆனால் அத்துறையில் சாதாரண தேர்ச்சியுள்ள ஒருவர் அவ்விரண்டையும் பார்த்து இயல்பாகவே இணைத்திருப்பாரா என்ற அடுத்த கேள்வி, அதாவது புத்தாக்கப் படிநிலை பற்றிய கேள்வி, உங்கள் முன்னால் வந்து நிற்கும். நான் மேலோட்டமாகப் பார்த்த அளவில், முதல் நான்கும் தனித்தனியே நன்கு அறியப்பட்டவை. உங்கள் நம்பிக்கை முழுவதும் ஐந்தாவதில் இருக்கிறது. மகன் தமது நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே செலவிடட்டும். ‘ஒன்றும் இல்லை’ என்ற விடை வரும்வரை தேடுவது இந்த வேலையின் நோக்கமல்ல. உங்களுடையதற்கு மிக நெருங்கியது எது, அதிலிருந்து உங்களுடையது எந்த இடத்தில் விலகுகிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் தேடல் முடிந்தது. புதிய சொற்களைப் போட்டாலும் அதே ஆவணங்களே திரும்பத் திரும்ப வருமானால் நிறுத்திவிடலாம். எந்தத் திகதியில், எங்கே, எந்தச் சொற்களால் தேடினீர்கள் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், பின்னர் சட்டத்தரணி அதே வேலையை முதலிலிருந்து செய்து அதற்கும் கட்டணம் வாங்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இலங்கைப் பதிவுகள் மேற்சொன்ன தளங்களில் முழுமையாகக் கிடைப்பதில்லை. கொழும்பு 10, டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர கட்டடத்திலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அவற்றைப் பற்றி விசாரியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அது தூரமில்லை. பொறியை வெல்டிங் செய்தவர் அதை வேறு வாடிக்கையாளருக்குக் காட்டியிருக்கிறாரா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இனிமேல் காட்டாதிருக்க ஓர் எழுத்துமூல உடன்பாடு செய்துகொள்வதில் அவருக்கும் மனவருத்தம் இருக்காது.

கேள்வி: பல்கலைக்கழகக் கண்காட்சி ஒன்றில் எமது குழு ஒரு கருவியைக் காட்சிப்படுத்தியது. அதன் காணொளியை யூடியூபிலும் ஏற்றினோம். இப்போது ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்க ஆசை. எமது கண்காட்சியே எமக்கு எதிராக வருமா?
— மாணவர், மொரட்டுவை

இலங்கையில், ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் வராது. விண்ணப்பத் திகதிக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் விண்ணப்பதாரரின் செயலாலேயே நிகழ்ந்த வெளிப்படுத்தலைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று எமது சட்டம் கூறுகிறது; வேறொருவர் உங்கள் உரிமையைத் துஷ்பிரயோகம் செய்து வெளியிட்டிருந்தால் அந்தச் சலுகை ஆறு மாதம். அமெரிக்காவிலும் ஒரு வருடச் சலுகை இருக்கிறது. ஐரோப்பாவில் நிலைமை வேறு: துஷ்பிரயோகத்தையும், சர்வதேச உடன்படிக்கையின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட மிகச் சில கண்காட்சிகளையும் தவிர, நீங்களே வெளியிட்டது உங்களையே வீழ்த்தும். உங்கள் யூடியூப் காணொளி ஏற்றப்பட்ட திகதி அதிலேயே பதிவாகியிருக்கிறது; அதை நீக்கிவிட்டால் தப்பலாம் என்று எண்ணாதீர்கள், வெளிவந்தது வெளிவந்ததுதான்.

சலுகைக் காலத்தை மனதில் வைத்துத் திட்டமிடுவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் காணொளியைப் பார்த்த வேறொருவர் சற்று மாற்றி வெளியிட்டால், அது உங்கள் செயலால் விளைந்ததா, அவருடைய சொந்த எண்ணமா என்ற வாதம் தொடங்கிவிடும். முதலில் விண்ணப்பியுங்கள், மறுநாள் மேடையேறுங்கள். இலங்கை புத்தாக்குநர் ஆணைக்குழு நடத்தும் கண்காட்சிகளுக்குப் போகும் பாடசாலை மாணவர்களுக்கும் இதையே சொல்வேன். இங்கே விண்ணப்பித்துவிட்டால், பாரிஸ் சமவாயம் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி, அந்தத் திகதியிலேயே விண்ணப்பித்ததாகக் கருதப்படும் முன்னுரிமையோடு ஏனைய உறுப்பு நாடுகளில் விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் கிடைக்கிறது. ஆனால் இலங்கையில் விண்ணப்பிப்பதற்கு முன்னர் நடந்த கண்காட்சியை அந்த முன்னுரிமை மறைத்துவிடாது.

கேள்வி: எங்கள் பாட்டியார் காய்ச்சி வந்த, புண் ஆற்றும் எண்ணெய் ஒன்றின் செய்முறை எங்கள் குடும்பத்தில் மட்டுமே இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதற்குப் பேட்டன்ட் எடுக்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

புத்தகத்தில் இல்லை என்று நீங்கள் எவ்வளவு தூரம் தேடினீர்கள் என்பதைப் பொறுத்தது. 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு, மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்தும் முறைக்காக ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிப் பேரவை அதற்கு எதிராக, சமஸ்கிருத நூல்களும் 1953இல் ஓர் இந்திய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையும் உட்பட 32 ஆவணங்களைச் சமர்ப்பித்தது. 1997இல் அந்த உரிமை இரத்தானது. மஞ்சள் எமது வீடுகளில் தினமும் புழங்குவது என்ற வாதம் மட்டும் அங்கே போதியிருக்காது என்பதைக் கவனியுங்கள். அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டுப் பாவனைக்கு இடமில்லாதிருந்தது. ஆகவே அச்சில் இருந்த சான்றுகளே வழக்கை வென்று கொடுத்தன.

அதற்குப் பின்னர் இந்தியா 2001இல் பாரம்பரிய அறிவு எண்மின் நூலகம் என்ற ஒன்றைத் தொடங்கி, ஆயுர்வேத, யூனானி நூல்களோடு எமது சித்த மருத்துவச் சுவடிகளிலுள்ள செய்முறைகளையும் ஐந்து சர்வதேச மொழிகளில் பெயர்த்து, வெளிநாட்டு ஆக்கவுரிமைப் பரீட்சகர்கள் பார்க்கக்கூடிய வகையில் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. உங்கள் பாட்டியாரின் எண்ணெயில் உள்ள மூலிகைகளும் அவற்றைச் சேர்க்கும் வரிசையும் அங்கே வேறொரு பெயரில் இருக்க நல்ல வாய்ப்புண்டு. மேலும், மனித உடலுக்குச் சிகிச்சையளிக்கும் முறைகளுக்கு இலங்கைச் சட்டம் ஆக்கவுரிமை தருவதில்லை; அதில் பயன்படும் தயாரிப்புக்கு மட்டுமே இடமுண்டு. செய்முறை உண்மையிலேயே உங்கள் குடும்பத்துக்கு வெளியே போகாத ஒன்றானால், அதை விண்ணப்பத்தில் எழுதி உலகுக்கு வெளியிடுவதைவிட இரகசியமாகவே வைத்து, ஒரு வர்த்தகக் குறியைப் பதிவுசெய்து விற்பது உங்களுக்குக் கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து.

கேள்வி: பாடசாலை வேன்களுக்குக் கட்டணம் சேகரிக்கும் புதிய முறை ஒன்றைக் கைப்பேசிச் செயலியாகச் செய்திருக்கிறேன். எதைத் தேட வேண்டும்?
— வாசகர், தெஹிவளை

தேடுவதற்கு முன் புலமைச் சொத்துச் சட்டத்தின் 62ஆம் பிரிவைப் படியுங்கள். வியாபாரம் நடத்தும் திட்டங்கள், விதிகள், முறைகள் இலங்கையில் ஆக்கவுரிமைக்கு உரியன அல்ல. உங்கள் செயலியின் நிரலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு தானாகவே உண்டு, அதற்குத் தேடல் தேவையில்லை. செயலிக்குப் பின்னால் புதியதொரு கருவியோ தொழில்நுட்ப ஏற்பாடோ இருந்தால் அதை மட்டும் பிரித்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஒரு முகவர் நிலையம் கணிசமான தொகை வாங்கிக்கொண்டு, ‘உலகளாவிய தேடல் செய்தோம், உங்கள் புத்தாக்கம் புதியது’ என்று ஒரு பக்கக் கடிதம் தந்திருக்கிறது. இதை நம்பி முதலீடு செய்யலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

அந்த ஒரு பக்கத்தில் ஆவணங்களின் பட்டியல் இருக்கிறதா? இல்லையென்றால் அது தேடலறிக்கையே அல்ல, வெறும் அபிப்பிராயக் கடிதம். தேடியவர் தாம் கண்ட மிக நெருங்கிய ஆவணங்களையும், பயன்படுத்திய சொற்களையும் குறியீடுகளையும், தேடிய தரவுத்தளங்களையும் எழுதித் தர வேண்டும். அவற்றைத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. எதுவுமே நெருங்கியதாக அகப்படவில்லை என்று சொல்பவரைவிட, ‘இந்த மூன்றும் உங்களை நெருக்குகின்றன’ என்று சொல்பவரே தமது வேலையைச் செய்தவர்.

எவ்வளவு திறமையாகத் தேடினாலும் எட்டாத ஒரு பகுதி இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் ஆக்கவுரிமை விண்ணப்பம், முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து 18 மாதங்கள் கழிந்தபின்னரே பிரசுரமாகிறது. ஆகவே இன்று நீங்கள் தேடும்போது, கடந்த ஒன்றரை வருடத்தில் உலகெங்கும் இடப்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்கே தெரியாது. இலங்கையில் உங்களுக்கு முன்னர் எவராவது அதே ஆக்கத்துக்கு விண்ணப்பித்திருந்தால், அது இன்னும் பகிரங்கமாகாவிட்டாலும் உங்களுக்குத் தடையாகும். பெருந்தொகை முதலீடு என்றால், சில மாதங்கள் கழித்து அதே தேடலை மறுபடி நடத்துவது வீண் செலவல்ல.

உத்தியோகபூர்வமான மதிப்பீடு விண்ணப்பத்தோடுதான் வரும். எமது அலுவலகத்தில் உள்ளூர்ப் பரீட்சகரின் தேடலைக் கோரலாம், அல்லது சர்வதேசத் தேடல் அதிகாரசபை ஒன்றின் அறிக்கையைச் சமர்ப்பிக்கலாம். சர்வதேச அறிக்கைகளில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் முன்னால் ஓர் எழுத்து இருக்கும். ‘எக்ஸ்’ என்று இருந்தால் அந்த ஒரே ஆவணம் உங்கள் கோரிக்கையின் புதுமையையோ புத்தாக்கப் படிநிலையையோ தகர்க்கக்கூடியது. ‘வை’ என்றால் இன்னொன்றோடு சேர்ந்து தகர்க்கக்கூடியது. ‘ஏ’ என்றால் பின்னணி விபரம் மட்டுமே. முகவரின் கடிதத்தை வைத்துக்கொண்டு நீங்களே தேடி, அகப்பட்டவற்றுக்கு இந்த எழுத்துகளை இட்டுப் பாருங்கள். ஓர் ‘எக்ஸ்’ வந்தாலே அவரிடம் திரும்பிப் போக அது போதும்.

கேள்வி: தேங்காய் உரிக்கும் கருவி ஒன்றைச் செய்தேன். நீங்கள் முன்பு ஓர் இதழில் சொன்னபடி குறியீட்டை வைத்துத் தேடியதில், கிட்டத்தட்ட அதே கருவி 1987இல் வழங்கப்பட்ட ஓர் அமெரிக்க ஆக்கவுரிமையில் இருக்கிறது. எல்லா உழைப்பும் வீணா?
— வாசகர், வத்தளை

‘ஏ23என் 5/03’ என்ற குறியீட்டைத் திறந்தவருக்கு இந்த அனுபவம் நேர்வது சகஜம்; தேங்காய்க்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் அது. அக்கருவிக்கு ஆக்கவுரிமை உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் அதைச் செய்து விற்பதற்கு அந்த ஆவணம் தடையுமல்ல. புதுமையைப் பறிப்பதற்கு ஆவணத்தின் வயது ஒரு பொருட்டல்ல. பிறரைத் தடுப்பதற்கோ அந்த உரிமை உயிரோடு இருக்க வேண்டும், அதுவும் குறித்த நாட்டில் இருக்க வேண்டும். 1987இல் வழங்கப்பட்ட அமெரிக்க உரிமை, வழங்கிய நாளிலிருந்து 17 வருடம் என்று கணக்கிட்டாலும் விண்ணப்பத்திலிருந்து 20 வருடம் என்று கணக்கிட்டாலும், 2007க்குள் முடிந்துபோயிருக்கும். அதிலுள்ள படங்களையும் அளவுகளையும் நீங்கள் தாராளமாகப் பின்பற்றலாம். தமக்குக் கிடைத்த பாதுகாப்புக்குப் பதிலாக அந்த உரிமையாளர் உலகுக்குக் கொடுத்த விலையே அந்த விளக்கம்.

உங்கள் கருவியில் அலகின் கோணத்தை மாற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாற்றத்தால் சிறிய காய்களும் உடையாமல் உரிகின்றன என்றால், அந்த அம்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 1987க்குப் பிந்தைய ஆவணங்களில் தேடுங்கள். அந்தப் பழைய ஆவணத்தைப் பின்னர் மேற்கோள் காட்டியவற்றிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சமாகும். தோற்றமும் வடிவமும் புதியவை என்றால் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவுசெய்ய முடியும். அதற்கு முதலில் ஐந்து வருடமும், புதுப்பித்தால் மொத்தம் 15 வருடமும் பாதுகாப்பு உண்டு. ஏற்றுமதி செய்ய எண்ணினால், பொருள் போய்ச் சேரும் நாட்டில் பிந்தைய முன்னேற்றம் எதற்காவது உரிமை நடப்பில் இருக்கிறதா என்பதை, எஸ்பேஸ்நெட்டில் அந்தந்த ஆவணத்தின் சட்டநிலைப் பக்கத்தைத் திறந்து, வருடாந்தக் கட்டணம் தொடர்ந்து செலுத்தப்படுகிறதா என்று பார்த்தே தீர்மானியுங்கள்.